கெஸ்ட்டில் காலி, ஹோஸ்ட்டில் நிரம்பல்: கேவிஎம் சர்வரில் ஹோஸ்ட் இயங்குதளம் செய்யும் வேலை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சுருக்கிச் சொல்கிறேன். 128 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வரில் லினக்ஸ் நிறுவி, லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் மூலம் எட்டு விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 16 ஜிபி ஒதுக்கியிருக்கிறீர்கள். விஎம்முக்குள் நுழைந்து பார்த்தால் நாலைந்து ஜிபிக்கு மேல் செலவானதாகத் தெரியவில்லை. அவற்றைத் தாங்கும் ஹோஸ்ட்டில் பார்த்தாலோ ரேம் நிரம்பி, ரேமில் உள்ளதை டிஸ்க்குக்குத் தள்ளும் ஸ்வாப்பும் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஒரு விஎம் நள்ளிரவில் தானாக அணைந்திருக்கிறது. அதன் லாக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டில் எந்தக் கணக்கை நம்புவது, இந்த அமைப்பில் ஹோஸ்ட் இயங்குதளத்துக்கு உண்மையில் என்னதான் வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கணக்கும் சரிதான். அவை முரண்படுவதற்குக் காரணம், ஒரே கணினியில் இரண்டு கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதிகள்) ஒன்றையொன்று அறியாமல் ஆட்சி செய்வது. விஎம்முக்குள் ஓடும் கெஸ்ட் கெர்னல் தன்னிடம் 16 ஜிபி ரேம் உள்ள ஒரு முழுக் கணினி இருப்பதாக நம்பி நடந்துகொள்கிறது. ஹோஸ்ட் கெர்னலுக்கு அந்த முழுக் கணினியும், வெப் சர்வரையோ எடிட்டரையோ போல, ஒரு சாதாரண ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அந்த ப்ராசஸுக்குள் விண்டோஸ் ஓடுகிறதா லினக்ஸ் ஓடுகிறதா, உள்ளே எது முக்கியமான தரவு, எது வேகத்துக்காகச் சேர்த்துவைத்த, தூக்கி எறியத்தக்க கேஷ் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. நீங்கள் கண்ட சிக்கல்கள் மட்டுமல்லாமல், சர்வர் மெய்நிகராக்கத்தில் வழக்கமாக வரும் பெரும்பாலான குழப்பங்களும் இந்த ஒரு அறியாமையிலிருந்தே பிறக்கின்றன.

பாடநூல்களில் ஹைப்பர்வைசர்களை, அதாவது விஎம்களை ஓட்டும் மென்பொருட்களை, முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்திருப்பார்கள். வன்பொருள் மீது நேரடியாக அமர்வது முதல் வகை, வேறொரு இயங்குதளத்தின் மீது அமர்வது இரண்டாம் வகை. ராபர்ட் கோல்ட்பர்க் 1970களின் தொடக்கத்தில், ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் காலத்தில் வகுத்த பிரிவு இது. இன்றைய சர்வர்களைப் புரிந்துகொள்ள இது பெரிதாக உதவுவதில்லை என்பது என் கருத்து. கேவிஎம் எந்த வகை என்று தொடங்கும் விவாதம் ஆண்டுக்கணக்கில் முடியாமல் நீள்வதே அதற்குச் சாட்சி. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: நிர்வாகத்துக்காக நீங்கள் லாகின் செய்யும் இயங்குதளத்தில் 'டாப்' கட்டளையையோ டாஸ்க் மேனேஜரையோ திறந்தால், கெஸ்ட்களின் சிபியு செலவு அதில் தெரிகிறதா?

ஹைப்பர்-வியில் தெரியாது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் வந்துகொண்டிருக்கும் அந்த அமைப்பில், ஹைப்பர்-வி அம்சத்தை இயக்கி மறுதொடக்கம் செய்ததும், அதுவரை வன்பொருளை நேரடியாக ஆண்டுகொண்டிருந்த விண்டோஸ் ஒரு படி மேலே தூக்கப்பட்டு, 'ரூட் பார்ட்டிஷன்' என்ற தனிச் சலுகை பெற்ற ஒரு விஎம்மாக மாறிவிடுகிறது. டிரைவர்களும் நிர்வாகக் கருவிகளும் அதனிடம் இருக்கின்றன. ஆனால் சிபியுவைப் பங்கிடுவது அடியில் இருக்கும் சிறிய ஹைப்பர்வைசர். ஆகவே டாஸ்க் மேனேஜர் 5 சதவீதம் காட்டும்போதே சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். உண்மை நிலையை அறிய ஹைப்பர்வைசருக்கென்று தனியாக உள்ள பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்களைப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளிவந்த ஸென் அமைப்பும் இப்படித்தான்: 'டொமைன் 0' என்று அழைக்கப்படும் லினக்ஸ், பார்வைக்கு ஹோஸ்ட் போலத் தோன்றினாலும் ஸென்னின் மேல் ஓடும் ஒரு கெஸ்ட்தான். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ மூன்றாவது வழியில் போகிறது. அதன் பழைய ஈஎஸ்எக்ஸ் வடிவத்தில் நிர்வாகத்துக்கென்று ரெட்ஹேட் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு 'சர்வீஸ் கன்சோல்' ஒட்டிக்கொண்டிருந்தது. 2011இல் வந்த ஐந்தாம் பதிப்போடு அதை முற்றிலும் கழற்றிவிட்டு, விஎம்கெர்னல் என்ற சொந்தக் கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொதுப் பயன்பாட்டுக்கான ஹோஸ்ட் இயங்குதளம் என்று அங்கே எதுவும் இல்லை.

கேவிஎம்மில் கெஸ்ட்களின் செலவு 'டாப்' கட்டளையிலேயே தெரிகிறது, ஏனெனில் அங்கே லினக்ஸ் கெர்னல்தான் ஹைப்பர்வைசர். கும்ரானெட் என்ற நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதிய இந்தப் பகுதி, 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் சேர்ந்தது; அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தை ரெட்ஹேட் வாங்கியது. கேவிஎம்மின் அறிவுடைமை, அது எழுதாமல் விட்டவற்றில்தான் இருக்கிறது. சிபியு நேரத்தைப் பங்கிடும் ஷெட்யூலர், நினைவக மேலாண்மை, டிஸ்க் டிரைவர்கள், நெட்வொர்க் அடுக்கு எல்லாம் லினக்ஸிடம் ஏற்கெனவே இருக்கும்போது எதற்காக மீண்டும் எழுத வேண்டும் என்று முடிவு செய்து, விடுபட்டிருந்த ஒரு துண்டை மட்டும் அது சேர்த்தது. ஆகவே லினக்ஸ் ஹோஸ்ட்டைப் பற்றி நீங்கள் அறிந்தவை அனைத்தும் இங்கேயும் செல்லும். இனிமேல் சொல்வதெல்லாம் இந்த அமைப்பைப் பற்றியதுதான்.

ஒரு விஎம்மைத் தொடங்கும் கட்டளையை நீங்கள் கொடுத்ததும் நடப்பதைப் பார்ப்போம். விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் சேவை, விஎம்மின் வரையறைக் கோப்பைப் படித்து, நீண்ட வரிசையான தேர்வுகளோடு கியூஈமு என்ற நிரலை ஒரு ப்ராசஸாகத் தொடங்குகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003 வாக்கில் ஓர் எமுலேட்டராக எழுதத் தொடங்கிய அதே கியூஈமுதான் இது. மதர்போர்டு, டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு ஆகியவற்றைப் போல நடிப்பது இங்கே அதன் வேலை. அது 'டெவ்' அடைவில் உள்ள 'கேவிஎம்' என்ற சாதனக் கோப்பைத் திறந்து, ஒரு விஎம்மை உருவாக்கித் தரும்படி கெர்னலிடம் கேட்கிறது. பிறகு தன் சொந்த முகவரி வெளியில் 16 ஜிபி நீளத்துக்கு ஒரு பரப்பை ஒதுக்கி, இதுதான் கெஸ்ட்டின் ரேம் என்று கெர்னலிடம் பதிவு செய்கிறது. கெஸ்ட்டுக்கு நான்கு சிபியு கொடுத்திருந்தால், நான்கு திரெட்களை (ஒரே ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகளை) தோற்றுவிக்கிறது. ஒவ்வொரு திரெட்டும் ஒரு சுழலில் நுழைந்து, 'ஓட்டு' என்ற ஒரே கட்டளையைக் கெர்னலுக்கு மீண்டும் மீண்டும் கொடுக்கிறது. உங்கள் ஹோஸ்ட்டில் 'டாப்' கட்டளையைத் திரெட் வாரியாகக் காட்டச் சொன்னால் இந்த நான்கையும் பெயரோடு பார்க்கலாம்.

'ஓட்டு' என்றதும் சிபியு ஒரு தனி நிலைக்குத் தாவுகிறது. இந்த நிலை வந்த கதையைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். ஒரு கணினியை மெய்நிகராக்க அதன் கட்டளைத் தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஜெரால்ட் போபெக்கும் கோல்ட்பர்க்கும் 1974இலேயே வரையறுத்தார்கள்: கணினியின் நிலையைத் தொடும் எந்தக் கட்டளையையும், உரிமையற்ற நிரல் ஒன்று இயக்கினால் சிபியு அதைப் பிடித்து மேலதிகாரியிடம், அதாவது ஹைப்பர்வைசரிடம், ஒப்படைக்க வேண்டும். இன்டெலின் எக்ஸ்86 சிப்கள் இந்த விதிக்கு அடங்கவில்லை. இன்டரப்ட்களை (சாதனங்கள் சிபியுவின் கவனத்தைக் கோரும் அழைப்புகளை) அணைக்கும் கொடியை மாற்ற முயலும் 'பாப்எஃப்' கட்டளையை உரிமையற்ற நிரல் இயக்கினால், அந்தச் சிப் பிழையும் எழுப்பாமல், மாற்றவும் செய்யாமல் மௌனமாகக் கடந்துவிடும். கெஸ்ட் கெர்னல், இன்டரப்ட்கள் அணைந்துவிட்டதாக நம்பிக்கொண்டு தொடரும். பென்டியம் கட்டளைகளில் இப்படிப்பட்டவை பதினேழு உண்டு என்று 2000இல் ஓர் ஆய்வுக் கட்டுரை பட்டியலிட்டது. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், கெஸ்ட் கெர்னலின் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து இந்தத் தடையைத் தாண்டியது; ஸென், கெஸ்ட் கெர்னலையே திருத்தி எழுதித் தாண்டியது. 2005 இறுதியில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் சிப்பிலேயே தீர்வைப் பதித்தன. அதன் பிறகுதான் கேவிஎம் அவ்வளவு சிறியதாகப் பிறக்க முடிந்தது.

இப்போது கெஸ்ட்டின் கட்டளைகள் சிபியுவில் நேரடியாக, முழு வேகத்தில் ஓடுகின்றன. ஹோஸ்ட் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி நிறைவேற்றுவதில்லை. தனித்து நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கெஸ்ட் தொடும்போதோ, ஹோஸ்ட்டுக்கு ஓர் இன்டரப்ட் வரும்போதோ மட்டும் சிபியு கெஸ்ட்டை நிறுத்தி, நிறுத்தியதன் காரணத்தையும் குறித்துக்கொடுத்து, ஹோஸ்ட் கெர்னலிடம் திரும்புகிறது. இதற்கு 'விஎம் எக்ஸிட்' என்று பெயர். கெர்னலே தீர்க்கக்கூடிய காரணம் என்றால் அங்கேயே தீர்த்துக் கெஸ்ட்டைத் தொடரவிடும். எமுலேட் செய்யப்பட்ட சாதனம் ஒன்றைக் கெஸ்ட் தொட்டிருந்தால், கியூஈமுவரை மேலேறிச் சென்று திரும்ப வேண்டும். கணக்குப்போடும் வேலையில் மூழ்கிய விஎம் ஏறத்தாழ நேரடி வன்பொருளின் வேகத்தில் ஓடுவதற்கும், சின்னச் சின்ன பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பும் விஎம் தடுமாறுவதற்கும் இந்த எக்ஸிட்களின் எண்ணிக்கைதான் காரணம்.

கெஸ்ட்டின் ஒவ்வொரு சிபியுவும் ஹோஸ்ட்டில் ஒரு திரெட் என்பதால், லினக்ஸ் ஷெட்யூலர் அதை மற்ற எந்த திரெட்டையும் போலத்தான் நடத்துகிறது: முறை வந்தால் ஓட்டும், முறை முடிந்தால் நிறுத்திவைக்கும். நிறுத்திவைக்கப்பட்ட நேரத்தில் கெஸ்ட்டுக்குக் காலம் உறைந்துபோகிறது. அந்த நேரத்தில் கெஸ்ட் கெர்னலின் ஒரு சிபியு ஏதேனும் ஒரு பூட்டை (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு சிபியு மட்டும் தொடவிடும் ஏற்பாட்டை) பிடித்துக்கொண்டிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மற்ற சிபியுக்கள் அந்தப் பூட்டுக்காக வீணாகச் சுழன்றுகொண்டிருக்கும். இதனால்தான் தேவைக்கு மேல் சிபியுக்களைக் கொடுத்த விஎம் சில வேளைகளில் மெதுவாகிறது. எட்டு கொடுத்தால் நல்லது, பதினாறு கொடுத்தால் இன்னும் நல்லது என்ற எண்ணம், நிரம்பி வழியும் ஹோஸ்ட்டில் தலைகீழாகிவிடும். கெஸ்ட்டைக் காக்கவைத்த நேரத்தை ஹோஸ்ட் அதனிடம் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் 'ஸ்டீல் டைம்'. லினக்ஸ் கெஸ்ட்டுக்குள் 'டாப்' காட்டும் சிபியு வரியின் கடைசியில் 'எஸ்டி' என்று ஒரு சதவீதம் இருக்கும். அது தொடர்ந்து உயர்ந்திருந்தால், கெஸ்ட்டுக்குள் எதைச் சரிசெய்தும் பயனில்லை.

இதற்கு எதிரான முரண்பாடும் ஒன்று உண்டு. கெஸ்ட் சும்மா இருக்கும்போது 'ஹால்ட்' கட்டளையை இயக்குகிறது. ஹோஸ்ட்டும் அந்த திரெட்டைத் தூங்கவைக்கலாம். ஆனால் உடனே வேலை வந்துவிடக்கூடும் என்று எதிர்பார்த்து, கேவிஎம் சிறிது நேரம் விழித்திருந்து பார்த்துவிட்டே தூங்குகிறது. எக்ஸ்86இல் இயல்பான அமைப்பில் இதற்கு மேல்வரம்பு 200 மைக்ரோவிநாடி. அடிக்கடி விழித்து அடிக்கடி தூங்கும் ஒரு விஎம், உள்ளே பெரும்பகுதி ஓய்வு என்று காட்டும்போது, ஹோஸ்ட்டில் அதைவிடக் கூடுதலான சிபியு செலவு தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு, அதாவது நினைவகத்துக்கு, வருவோம். கியூஈமு 16 ஜிபி பரப்பை ஒதுக்கியதாகச் சொன்னேன். அந்தக் கணத்தில் ஹோஸ்ட்டின் ரேமில் அநேகமாக எதுவும் செலவாவதில்லை. கெஸ்ட் ஒரு பக்கத்தை (நினைவகத்தின் ஒரு சிறு துண்டை) முதன்முறையாகத் தொடும்போதுதான் சிபியு எக்ஸிட் ஆகி, ஹோஸ்ட் கெர்னல் 4 கேபி அளவுள்ள ஒரு பக்கத்தையோ, பெரும்பக்க வசதி இருந்தால் 2 எம்பி அளவுள்ள ஒன்றையோ எடுத்துக்கொடுக்கிறது. கெஸ்ட் தனக்குள் வைத்திருக்கும் முகவரி அட்டவணைக்குக் கீழே, கெஸ்ட் முகவரிக்கும் உண்மை ரேமுக்கும் இடையில் ஹோஸ்ட் வைக்கும் இரண்டாம் அட்டவணையை இன்டெல் சிப்களில் இபிடி என்கிறார்கள். ஏஎம்டி 2007இலும் இன்டெல் 2008இலும் இதைக் கொண்டுவந்தன. இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரணமாக ஒரு முகவரியைத் தேட நான்கு முறை அட்டவணையைப் புரட்டினால் போதும் என்ற இடத்தில், இரண்டு அடுக்கும் சேர்ந்து, மோசமான நிலையில் 24 முறை புரட்ட வேண்டியிருக்கும். பெரிய டேட்டாபேஸ் ஓடும் விஎம்களுக்குப் பெரும்பக்கங்களைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

தொட்டால் கிடைக்கிறது, சரி. விட்டால் திரும்புகிறதா? அங்கேதான் உங்கள் 128 ஜிபி போனது. கெஸ்ட்டுக்குள் ஒரு ப்ராசஸ் முடிந்து அதன் நினைவகம் விடுவிக்கப்படும்போது, கெஸ்ட் கெர்னல் அதைத் தன் காலிப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது; ஹோஸ்ட்டுக்கு அந்தச் செய்தி போவதில்லை. ஹோஸ்ட்டின் பார்வையில் அது ஒருமுறை தொடப்பட்ட, ஆகவே பயன்பாட்டில் உள்ள பக்கம். மேலும், எந்த லினக்ஸ் கெஸ்ட்டும் காலி ரேமைச் சும்மா வைத்திருக்காது. படித்த கோப்புகளையெல்லாம் பேஜ் கேஷாகச் சேர்த்துக்கொண்டே போகும். இரவில் ஒரு பேக்கப் ஓடி எல்லாக் கோப்புகளையும் படித்தால், காலைக்குள் அந்த 16 ஜிபியில் அநேகமாக ஒவ்வொரு பக்கமும் தொடப்பட்டிருக்கும். உள்ளே 'ஃப்ரீ' கட்டளை அதைக் கேஷ் என்று தனியாகக் காட்டி, வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. வெளியே கியூஈமு ப்ராசஸின் பெயரில் முழு 16 ஜிபியும் பற்று எழுதப்படுகிறது. விண்டோஸ் கெஸ்ட் இன்னும் ஒரு படி மேல்: காலிப் பக்கங்களைப் பூச்சியத்தால் நிரப்பிவைக்கும் வழக்கம் உடையது என்பதால், தொடங்கிய சற்று நேரத்திலேயே முழு ஒதுக்கீட்டையும் தொட்டுவிடக்கூடும்.

எட்டு விஎம்களுக்குப் பதினாறு பதினாறாகக் கொடுத்தால் கூட்டுத்தொகை சரியாக 128. ஹோஸ்ட்டுக்கென்று நீங்கள் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. அதன் கெர்னலுக்கும், லிப்வர்ட்டுக்கும், ஒவ்வொரு கியூஈமுவும் கெஸ்ட் ரேமுக்கு மேல் தனக்காக எடுத்துக்கொள்ளும் சில நூறு எம்பிக்கும் இடம் வேண்டும். ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, முந்நூறு பேர்தான் வருவார்கள் என்று முந்நூறு இலைக்குச் சமைக்கிற கணக்கைப் போல, இருப்பதைவிடக் கூடுதலாக ஒதுக்குவது மெய்நிகராக்கத்தில் பலரும் தெரிந்தே செய்வதுதான். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஏற்பாடு உங்கள் அமைப்பில் இல்லை.

ரேம் போதாதபோது ஹோஸ்ட் கெர்னல் எதையாவது ஸ்வாப்புக்குத் தள்ளியாக வேண்டும். எதைத் தள்ளுவது என்று அது ஊகிக்கத்தான் முடியும், ஏனெனில் உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது. அண்மையில் தொடப்படாத ஒரு பக்கத்தை டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. சற்று நேரம் கழித்துக் கெஸ்ட் கெர்னலும் நெருக்கடியை உணர்ந்து, அண்மையில் தொடப்படாத அதே பக்கத்தைத் தன் ஸ்வாப்புக்கு அனுப்ப முடிவு செய்தால் என்ன ஆகும்? டிஸ்க்கில் கிடக்கும் பக்கத்தை ஹோஸ்ட் முதலில் ரேமுக்குக் கொண்டுவர வேண்டும், கெஸ்ட் அதை மீண்டும் டிஸ்க்கில் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை வெளியேற்றுவதற்காகவே அதை உள்ளே இழுக்கும் இந்த வீண்வேலை தொடங்கினால், அந்த ஹோஸ்ட்டிலுள்ள எல்லா விஎம்களும் சேர்ந்து திணறும்.

ஸ்வாப்பும் தீர்ந்தால், 'ஓஓஎம் கில்லர்' என்று அழைக்கப்படும் கெர்னல் பகுதி களமிறங்கி, ஒரு ப்ராசஸைக் கொன்று இடத்தை மீட்கிறது. அது தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் ப்ராசஸை. ஹைப்பர்வைசராக உள்ள ஹோஸ்ட்டில் அது ஒரு கியூஈமுவாகத்தான் இருக்கும். அதிலும் உங்களுடைய மிகப் பெரிய, ஆகவே அநேகமாக மிக முக்கியமான விஎம்மாக இருக்கும். கெஸ்ட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மின்சாரம் போனதைப் போன்றது. லாக் எழுதுவதற்கு ஒரு கணம்கூடக் கிடைக்காது. உங்கள் நள்ளிரவு மர்மத்துக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இரண்டு கெர்னல்களுக்கும் இடையே பேச்சுவார்த்தைக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. கெஸ்ட்டுக்குள் 'பலூன்' என்று ஒரு டிரைவர் ஓடினால், ஹோஸ்ட் கேட்கும்போது அது கெஸ்ட் கெர்னலிடமிருந்து பக்கங்களை வாங்கிப் பிடித்துக்கொண்டு, இவை எனக்கு வேண்டாம் என்று ஹோஸ்ட்டிடம் ஒப்படைக்கும். எதைக் கைவிடுவது என்பதை உள்விவரம் அறிந்த கெஸ்ட்டே முடிவு செய்கிறது என்பது இதன் சிறப்பு. ஆனால் யாராவது அல்லது ஏதாவது ஒரு நிரல் பலூனை ஊதச் சொல்ல வேண்டும்; வெறும் லிப்வர்ட்டில் அது தானாக நடப்பதில்லை. காலிப் பக்கங்களைக் கெஸ்ட் தானாகவே அவ்வப்போது அறிவிக்கும் ஏற்பாடும் புதிய கெர்னல்களில் உண்டு. 2009 இறுதியில் லினக்ஸ் 2.6.32இல் வந்த கேஎஸ்எம், பல விஎம்களில் ஒரே உள்ளடக்கம் உள்ள பக்கங்களைத் தேடி ஒன்றாக்குகிறது. ஒரே மாதிரியான விஎம்கள் நிறைய இருந்தால் பலன் உண்டு, ஆனால் தேடுவதற்குச் சிபியு செலவாகும், மேலும் ஒரு விஎம் இன்னொன்றின் உள்ளடக்கத்தை நேர அளவீட்டால் ஊகிக்க அது வழி திறக்கிறது. பல வாடிக்கையாளர்கள் பகிரும் சர்வரில் நான் அதை அணைத்தே வைப்பேன்.

டிஸ்க்கிலும் இதே கதைதான். ஒரு டேட்டாபேஸ், பரிவர்த்தனையை முடித்து 'டிஸ்க்கில் உறுதியாக எழுது' என்று கேட்கிறது. கெஸ்ட்டின் கோப்பு முறைமை அதை ஒரு டிஸ்க் கோரிக்கையாக மாற்றி, விர்ட்ஐஓ எனப்படும் பகிர்நினைவக வளையத்தில் வைத்து ஹோஸ்ட்டைத் தட்டுகிறது. கியூஈமுவின் ஒரு திரெட் அதை எடுத்து, விஎம்மின் டிஸ்க்காக நடிக்கும் இமேஜ் கோப்பில் எழுத, ஹோஸ்ட்டின் கோப்பு முறைமை அதை உண்மை டிஸ்க்கில் சேர்க்கிறது. இரண்டு கோப்பு முறைமைகள், இரண்டு கேஷ்கள். கேஷ் அமைப்பை 'நன்' என்று வைத்தால் ஹோஸ்ட்டின் பேஜ் கேஷ் தவிர்க்கப்படுகிறது. ஒரே தரவை இரு இடத்தில் சேமித்து ரேமை வீணாக்காது என்பதால் பெரும்பாலான சர்வர்களுக்கு நான் விரும்புவது இதையே. 'ரைட்பேக்' ஹோஸ்ட்டின் கேஷையும் பயன்படுத்தும், ஆயினும் கெஸ்ட் உறுதியாக எழுதச் சொன்னால் கீழ்ப்படியும். 'அன்சேஃப்' அந்த வேண்டுகோளையே காதில் போட்டுக்கொள்ளாது. இயங்குதளத்தை நிறுவும் நேரத்தில் வேகத்துக்காக மட்டும் அதைப் பயன்படுத்தலாம், தரவு உள்ள விஎம்மில் கூடாது.

கெஸ்ட் ஒரு கோப்பை அழித்தால் இமேஜ் கோப்பு சுருங்குவதில்லை. டிஸ்கார்ட் வசதியை ஹோஸ்ட்டிலும் கெஸ்ட்டிலும் இயக்கியிருந்தால் மட்டுமே அழித்த செய்தி கீழே போய்ச் சேரும். இதை அறியாமல் வளரவிட்டு ஹோஸ்ட்டின் டிஸ்க் நிரம்பிவிட்டால், கியூஈமு இயல்பாக அந்த விஎம்மை இடைநிறுத்திவிடும். விஎம் உயிரோடு இருக்கும், ஆனால் எதற்கும் பதில் சொல்லாது. லிப்வர்ட் பட்டியலில் 'பாஸ்டு' என்று காட்டும். இடத்தை விடுவித்து, தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும். இதை அறியாதவர்கள் பதற்றத்தில் கட்டாயமாக அணைத்து, இல்லாத சேதத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஹோஸ்ட்டில் 'டேப்' (tap) என்ற மென்பொருள் நெட்வொர்க் இடைமுகம் ஒன்று முளைத்து, நெட்வொர்க் சுவிட்ச் போல வேலைசெய்யும் ஒரு மென்பொருள் பிரிட்ஜில் இணைகிறது. 2010இல் லினக்ஸ் 2.6.34இல் வந்த விஹோஸ்ட், பாக்கெட்டுகள் கியூஈமு வரை ஏறாமல் கெர்னலுக்குள்ளேயே கைமாற வழிசெய்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. பிரிட்ஜ் ஹோஸ்ட்டுடையது என்பதால், ஹோஸ்ட்டின் ஃபயர்வால் விதிகள் விஎம்களின் பாக்கெட்டுகளையும் தொடக்கூடும். விஎம்கள் நன்றாக ஓடும் ஹோஸ்ட்டில் ஒருவர் வசதிக்காக, கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரை நிறுவுவார்; அது ஃபயர்வாலின் ஃபார்வர்டு கொள்கையை (கடந்துசெல்லும் பாக்கெட்டுகளுக்கான விதியை) மறுப்பு என மாற்றிவிடும்; பிரிட்ஜ் பாக்கெட்டுகள் ஃபயர்வால் வழியே போகும்படி அமைந்திருந்தால், விஎம்களின் இணைப்பு நின்றுபோகும். கெஸ்ட்டுக்குள் எல்லா அமைப்பும் சரியாக இருக்கும், எதுவும் போய்ச் சேராது. கண்டெய்னர் வேண்டுமானால் ஒரு விஎம்முக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்ட்டில் வேறு எதையும் ஓட்டக் கூடாது என்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். ஹோஸ்ட்டின் ரூட் உரிமை கிடைத்தவருக்கு எல்லா விஎம்களின் டிஸ்க்கும் ரேமும் திறந்த புத்தகம். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 2015 மே மாதத்தில் வெளியான 'வெனம்' என்ற ஓட்டை, கியூஈமுவின் ஃபிளாப்பி டிஸ்க் கன்ட்ரோலர் நிரலில் 2004இலிருந்தே ஒளிந்திருந்தது. யாரும் பயன்படுத்தாத ஒரு சாதனத்தின் வழியாகக் கெஸ்ட்டிலிருந்து கியூஈமு ப்ராசஸைக் கைப்பற்ற வழி இருந்தது. கியூஈமுவை ரூட்டாக அல்லாமல் உரிமை குறைந்த பயனராக ஓட்டுவதும், லினக்ஸின் அணுகல் கட்டுப்பாட்டு ஏற்பாடான எஸ்இலினக்ஸ் மூலம் ஒவ்வொரு விஎம்முக்கும் தனி முத்திரை குத்துவதும் இப்படிப்பட்ட நாளுக்கான தற்காப்பு. அவற்றை, தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்துவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் வெளியான எல்1டிஎஃப் போன்ற சிப் குறைபாடுகளுக்கான திருத்தங்களும் ஹோஸ்ட் கெர்னலிலும் சிப்பின் உள்நிரலான மைக்ரோகோடிலும்தான் இறங்கின. கெஸ்ட்களை மட்டும் புதுப்பித்துவிட்டு ஹோஸ்ட்டை ஆண்டுக்கணக்கில் மறுதொடக்கம் செய்யாமல் பெருமைப்படுவது சரியல்ல.

உங்கள் சர்வருக்குத் திரும்பினால், ரேமைப் பொறுத்தவரை ஹோஸ்ட்டின் கணக்கையே நம்புங்கள்; கெஸ்ட்டின் கணக்கு, அந்த விஎம்முக்கு ஒதுக்கியது அதிகமா குறைவா என்று முடிவு செய்ய உதவும். நாலைந்து ஜிபி மட்டும் உண்மையில் செலவாகும் விஎம்களுக்கு 16 தேவையில்லை; எட்டாகவோ பத்தாகவோ குறைத்து, டேட்டாபேஸ் உள்ளதற்கு மட்டும் தாராளமாக விடுங்கள். மொத்த ஒதுக்கீடு 110 ஜிபியைத் தாண்டாமல் இருந்தால் ஹோஸ்ட்டுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். ஹோஸ்ட்டில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருந்தால் அதன் கேஷுக்கு வரம்பு விதிக்க மறக்காதீர்கள். லினக்ஸில் பல பதிப்புகளாக அது மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும் இயல்பு உடையதாக இருந்தது. இரண்டு சாக்கெட் (இரண்டு சிபியு சிப்கள் பொருத்திய) சர்வர் என்றால், ஒரு விஎம்மின் சிபியுவும் ரேமும் ஒரே சாக்கெட்டின் பக்கம் அமையும் அளவில் வைப்பதும் நல்லது.

அணைந்த விஎம்முக்கு, ஹோஸ்ட்டின் கெர்னல் லாக்கில் அந்த நள்ளிரவு நேரத்தைத் தேடுங்கள். 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கி, கொல்லப்பட்ட ப்ராசஸாகக் கியூஈமுவின் பெயர் வரும் வரி இருந்தால் காரணம் உறுதி. அப்படி எதுவும் இல்லையென்றால், லிப்வர்ட் ஒவ்வொரு விஎம்முக்கும் ஹோஸ்ட்டில் தனியாக ஒரு லாக் கோப்பு வைத்திருக்கும். அதன் கடைசி வரியில் அணைந்ததற்கான காரணம் 'ஷட்டவுன்', 'டிஸ்ட்ராய்டு', 'கிராஷ்டு' என்ற மூன்றில் ஒன்றாகப் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். முதலாவது என்றால் கெஸ்ட்டே முறையாக அணைந்தது, இரண்டாவது என்றால் ஹோஸ்ட் பக்கத்திலிருந்து யாரோ கட்டாயமாக நிறுத்தியது, மூன்றாவது என்றால் கியூஈமு ப்ராசஸ் தானாக மடிந்தது. மூன்றாவதாக இருந்து, ஓஓஎம் வரியும் கிடைக்காவிட்டால், அந்த லாக்கின் கடைசிச் சில வரிகளையும் கியூஈமுவின் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். மேற்கொண்டு தேட அவை போதும்.